கப்பலுக்குத் தைத்த ஷூ

மதிய மணி அடித்ததும் ஹாலில் இருந்த அத்தனை தையல் மெஷினும் நின்றன. பெண்களெல்லாம் சாப்பாட்டுக் கூடையோடு வெளியே போனார்கள். அவ்வளவு பெரிய ஹாலில் நானும் என் மகள் கிரேஸும் இரண்டே பேர். தலைக்கு மேல் ஃபேன்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

என் கையில் ஒரு கோணிப்பை. அதில் ஏழு ஜோடி பழைய ஷூ. ஐம்பது வருஷத்துக்கு மேல் பெட்டியில் கிடந்து கருத்துப் போனவை.

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியில் கிரேஸுக்கு ஊசி மெஷினில் வேலை. தைக்கிற மெஷின் இல்லை அது. ஒரு கருப்பு ரப்பர் பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு பெட்டி, அதற்குச் சின்னதாக ஒரு வாசல். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் போகிற ஷூவைப் பட்டையில் வைத்து அந்த வாசல் வழியாக அனுப்புவார்கள். உள்ளே உடைந்த ஊசிமுனையோ ஆணியோ எள்ளளவு இருந்தாலும் போதும், சிவப்பு பல்பு எரிந்து பட்டை நின்றுவிடும்.

"ஒவ்வொண்ணா குடும்மா. சூப்பர்வைசர் வர்றதுக்குள்ள முடிச்சிடணும்" என்றாள்.

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டுக்கு வெளியே, புங்கமரத்தடியில், என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒரு கப்பல் நிறைய ஜனங்கள் தன்னால்தான் எரிந்து செத்தார்களா இல்லையா என்று அந்தப் பட்டை சொல்லப்போகிறதைக் கேட்க உட்கார்ந்திருந்தார்.

காலடி கேட்காத மனுஷன்

போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியபோது வீட்டுக்காரர் சாலமனைப் பற்றி இரண்டே வரியில் முடித்துவிட்டேன். கூச்சம்தான். அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. இப்போது எழுதினால் தப்பில்லை.

அவர் நடந்தால் சத்தம் கேட்காது. அவர் செருப்பை அவரே தைத்துக்கொள்வார், ஒரு ஆணி இருக்காது, எல்லாம் மெழுகு நூல். அடுப்படியில் வேலையாக இருப்பேன், திரும்பினால் முதுகுக்குப் பின்னால் நிற்பார். கல்யாணமான முதல் வருஷத்தில் இரண்டு மண்சட்டி கைதவறி உடைந்தது அப்படித்தான்.

இன்னொரு பழக்கம் அதைவிட மோசம். வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் உள்ளே உட்கார்ந்த பிறகு மெல்ல வாசலுக்குப் போவார். அவர்கள் கழற்றிப் போட்ட செருப்பு, ஷூ எதுவானாலும் கையில் எடுத்து, மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார். பார்த்துவிட்டு இருந்த மாதிரியே வைத்துவிடுவார்.

எதிர்வீட்டுக் கமலா ஒருநாள் குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள். "இன்னா எஸ்தரு, உன் வூட்டுக்காரரு செருப்புக்கு நாடி பாக்குறாரா? எனக்கு ஒத்தைக் காலு செருப்பு மட்டும் கடிக்குது, கூட்டியாந்து காட்டட்டுமா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் குடத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் சர்ச்சில் சிரிக்க முடியவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. எல்லாரும் எழுந்து முன்னால் போய் முட்டிபோட்டு ரொட்டியும் திராட்சை ரசமும் வாங்குவார்கள். அவர் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடி இருப்பார். கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலிருந்து நான் தனியாகத்தான் போனேன். குடிக்கிறாரா, வேறு பெண் இருக்கிறாளா என்று பெண்கள் பேசினார்கள். என் காதில் விழும்படியே பேசினார்கள். நானே ஒருதரம் கேட்டேன். "அதெல்லாம் கேக்காத" என்றார். பிறகு நான் கேட்கவில்லை. எனக்கு வாய் அவ்வளவுதான்.

என் நைனா மோசே மேஸ்திரிக்கு முதல் பெஞ்சு. ஒவ்வொரு மாதமும் முதல் ஆளாக எழுந்து போவார். வாங்கித் திரும்பும்போது கடைசி பெஞ்சில் இருக்கிற மருமகனைப் பார்ப்பார். நான் கவனித்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

எனக்கு வேறு இரண்டு வரன் வந்தது. ஒருத்தர் காட்பாடியில் ரயில்வே. இன்னொருத்தர் ராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். நைனா இரண்டையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டுத் தன் கீழே வேலை செய்த, ஒற்றை அறை வீட்டில் இருந்த சாலமனுக்கு என்னைக் கொடுத்தார். அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தாள். காரணம் கேட்டதற்கு நைனா பதில் சொல்லவில்லை.

கிரேஸ் சொன்ன செய்தி

வீட்டுக்காரர் ஐம்பது வருஷம் மனசில் வைத்திருந்தது வெளியே வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கிரேஸ் கம்பெனிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு பெண்ணுக்குத் தையல் ஊசி உடைந்துவிட்டதாம். உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடிப் பொறுக்கி, நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் காட்ட வேண்டும். முழு ஊசியாகச் சேர்ந்தால்தான் புது ஊசி தருவார்கள். இந்தப் பெண்ணுக்கு ஒரு துண்டு கிடைக்கவில்லை. அன்றைக்குத் தைத்த மொத்தச் சரக்கையும் நிறுத்திவிட்டார்கள். பயந்துபோன அந்தப் பெண் வேறு ஒரு ஊசியை உடைத்து, அதன் முனையை ஒட்டிக் கணக்குக் காட்டப் பார்த்தாளாம்.

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அவளை இன்னா பண்ணாங்க?"

"வீட்டுக்கு அனுப்பிட்டாங்கப்பா."

"துண்டு கெடச்சுதா?"

"கெடச்சுது. ஒரு குழந்தை ஷூவுக்குள்ள."

அவர் எழுந்து கை கழுவினார். வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பொழுது சாய்கிற வரைக்கும் பேசினார். அத்தனை வருஷத்தில் அவர் பேசியது மொத்தத்தையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

பேர் அழித்த கப்பல்

இரண்டாவது உலகச் சண்டைக் காலம். எங்கள் ஊர்ப் பெரிய சாயபுவின் தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் பக்கத்தில் ஒரு ஷெட். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் ஷூ தைப்பார்கள். அதற்கு என் நைனா மேஸ்திரி. சாலமனுக்கு அப்போது இருபது வயசு இருக்கும். நான் சின்னப் பெண்.

மதராஸ் துறைமுகத்திலிருந்து ஒரு காண்ட்ராக்டர் ஆர்டர் கொண்டுவந்தார். ஒரு கப்பலுக்கு ஷூ வேண்டும், ஒரு ஆணி கூட இருக்கக் கூடாது. கால் அளவு எடுக்க நைனாவும் சாலமனும் ரயிலேறிப் போனார்கள்.

அது ரங்கூனுக்கு ஜனங்களை ஏற்றிப்போய் வந்த கப்பலாம். அதைச் சண்டைக் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிக் கரையில் போட்டிருந்தார்கள். கட்டில், பிரம்பு நாற்காலி, நிலைக்கண்ணாடி, ஒரு பியானோ, குழந்தைத் தொட்டில் கூட. பியானோவின் மேல் ஒரு காக்கை நடந்ததாம், நடந்த இடத்திலெல்லாம் சத்தம் வந்ததாம். மேல்தளத்துப் பலகையைப் பெயர்த்து, அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, அதன்மேல் பீரங்கி நிறுத்தினார்கள். பூ வேலை செய்த கூரையுள்ள சாப்பாட்டு ஹாலில் சிப்பாய்கள் படுக்கத் துணித் தூளி கட்டினார்கள்.

முன்பக்கத்தில் இரண்டு பேர் கயிற்றில் தொங்கிக்கொண்டு கப்பலின் பேர் மேல் சாம்பல் பெயிண்ட் அடித்தார்கள். இரும்பில் எழுத்தைப் புடைத்து வைத்திருந்ததால், அடித்த பிறகும் எழுத்து மேடாகத் தெரிந்தது. சாலமனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பேர் என்ன என்று கேட்டார். "இனிமே இதுக்குப் பேரு கெடையாது, நம்பருதான்" என்றாராம் காண்ட்ராக்டர். நம்பரையும் சொல்லவில்லை.

சரக்கு வைக்கிற அடித்தளத்தில் சரக்கு இல்லை. வாய் அடைத்த காலிப் பீப்பாய்கள், தரையிலிருந்து கூரை வரைக்கும். குண்டுபட்டு ஓட்டை விழுந்தாலும் கப்பல் முழுகாமல் மிதக்க வேண்டும் என்று. கரையோரம் கட்டியிருந்தாலும் அலையில் கப்பல் லேசாக அசையும். அப்போது அந்தப் பீப்பாய்கள் ஒன்றோடொன்று உரசும். நிறைய பேர் தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி இருந்தது என்றார். "உள்ள வெறும் காத்துதான். ஆனா அத்தனையும் மூச்சு விட்ற மாதிரியே இருந்துச்சு."

பிறகு அந்த அறை. முன்னே கறியும் மீனும் ஐஸில் வைத்த அறை. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பலகை. அதில்தான் வெடிமருந்து வைக்கப்போகிறார்கள். பலகையிலிருந்த இரும்பு ஆணியையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பித்தளை ஆணி அடித்திருந்தார்கள். விளக்கு கூட உள்ளே கிடையாது. சுவரில் ஒரு தடிக் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் விளக்கை வைத்திருந்தார்கள். மீன் வாடை மட்டும் போகவில்லை.

வாசலில் நாகப்பட்டணத்துக்காரர் ஒருவர் காவல். இரண்டு பேரின் சாவி, சில்லறை, நைனாவின் பெல்ட்டு எல்லாவற்றையும் வாங்கி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். இரும்பும் இரும்பும் உரசினால் பொறி வரும், அந்த அறையில் ஒரு பொறி போதும், கப்பலும் இருக்காது, கரையில் நிற்கிறவனும் இருக்கமாட்டான் என்றார். அப்படியானால் வெறுங்காலோடு இருக்கலாமே என்று நைனா கேட்டதற்கு, வெள்ளைக்காரத் துரைகள் சாகச் சம்மதிப்பார்கள், வெறுங்காலோடு நிற்கச் சம்மதிக்க மாட்டார்கள் என்றாராம்.

அந்த அறையில் வேலை செய்யப்போகிறவர்கள் ஒவ்வொருத்தராக வந்து காகிதத்தின்மேல் நின்றார்கள். சாலமன் குனிந்து பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு போட்டார்.

"மூஞ்சி ஒண்ணும் ஞாபகமில்ல எஸ்தரு. காலு மட்டும் கீது. அத்தினி காலும் ஞாபகம் கீது."

கரையில் கொட்டிக் கிடந்ததில் நைனா ஒரு சின்னக் கண்ணாடி வாங்கிவந்தார். அது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கப்பல் ஆடும்போது விழாமலிருக்க நாலு மூலையிலும் திருகு வைத்த கண்ணாடி. ஒரு வாரம்தான் மாட்டியிருந்தது. தலைவாரப் போனால் தன் தோளுக்குப் பின்னால் இடம் நெருக்கமாக இருக்கிற மாதிரி தோன்றுகிறது என்று அம்மா சொன்னாள். சுவர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டாள். பிறகு அது எங்கே போனதோ.

முப்பது ஆணி

ஆணியில்லாத ஷூ தைக்கவும் ஆணி வேண்டும். படிக்கிறவர்களுக்கு இது புரியாது, சொல்கிறேன்.

கால் மாதிரி செய்த மரக்கட்டையின்மேல் தோலை இழுத்துப் போர்த்தி, அது நழுவாமல் அடியில் சின்னச் சின்ன ஆணி அடிப்பார்கள். நூல் போட்டுத் தைத்த பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, மேலே அடித்தோலை வைத்துத் தைத்து மூடுவார்கள். பிடுங்க மறந்தால் அந்த ஆணி இரண்டு தோலுக்கும் நடுவில் நின்றுவிடும். வெளியே தெரியாது.

அதனால் இந்த ஆர்டருக்கு நைனா ஒரு ஏற்பாடு செய்தார். காலையில் ஒவ்வொருத்தருக்கும் தகர மூடியில் எண்ணி முப்பது ஆணி. சாயங்காலம் அதே முப்பதை எண்ணி வாங்கிக்கொள்வார்.

ஒருநாள் சாலமன் மூடியில் இருபத்தொன்பது. அன்றைக்கு அவர் முடித்தது ஒரே ஜோடி, பெரிய கால் ஒன்றுக்கு. இரண்டுக்கும் அடித்தோல் வைத்து மூடியாகிவிட்டது. தரையைத் தடவினார். தோல் துணுக்கையெல்லாம் உதறினார். ஆணியை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்வது வழக்கம், விழுங்கிவிட்டோமோ என்று கூட நினைத்தார். இரண்டு ஷூவையும் பிரித்தால் தோல் கெட்டுப்போகும், மேஸ்திரி எல்லார் முன்னாலும் கேட்பார். நைனா எண்ணிக்கொண்டே பக்கத்து ஆள் வரைக்கும் வந்துவிட்டார். சாலமன் தான் உட்கார்ந்திருந்த மணையிலிருந்து ஒரு ஆணியை நெம்பி எடுத்து, கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, மூடியில் போட்டார்.

நைனா எண்ணினார். முப்பது.

ஷூவெல்லாம் ரயிலேறிப் போனது. ஒன்றிரண்டு மாதம் கழித்து, நடுக்கடலில் ஒரு கப்பல் தானாகவே வெடித்து எரிந்ததாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். எந்தக் கப்பல் என்று யாருக்கும் தெரியாது. சண்டை முடிந்ததும் சாலமன் துறைமுகத்துக்குப் போய்க் கேட்டார். பேரும் தெரியாமல் நம்பரும் தெரியாமல் கப்பலைத் தேடி வந்த ஆளைப் பார்த்து அங்கே சிரித்தார்கள்.

"அந்தக் கையால ரொட்டி வாங்கக் கூடாதுன்னுதான் மேசைக்குப் போகல" என்று முடித்தார்.

கிரேஸ் அழுதுகொண்டிருந்தாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

டிரம் நின்ற பிறகு

அதற்குக் கொஞ்ச நாளில் தோல் ஷாப்புகளையெல்லாம் மூடச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு வந்தது. கழிவுத் தண்ணீர் பாலாற்றைக் கெடுத்துவிட்டது என்று. கெடுத்தது உண்மைதான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோறு வடித்தால் மஞ்சளாக இருக்கும்.

பிறந்ததிலிருந்து தோல் புரட்டுகிற டிரம் சுற்றுகிற சத்தத்திலேயே இருந்தவள் நான். அது நின்றதும் மத்தியான நேரத்தில் ஊரே தண்ணீருக்குள் போன மாதிரி ஆகிவிட்டது. நான் வீட்டில் உட்கார்ந்து கம்பெனிக்கு ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுப்பேன். ஜோடிக் கணக்கு வேலை. நூல் இழுக்கிற சத்தம் கூட எனக்குக் கேட்டது.

ஒருநாள் வாசலில் யாரோ நடக்கிற சத்தம். சாதாரணச் சத்தம் இல்லை. ஒரு காலடி மெத்தென்று, அடுத்தது டிக் என்று. மெத்தென்று, டிக். கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. எழுந்து பார்த்தேன். வெயில்தான் இருந்தது. எங்கள் இரண்டு பேர் செருப்பும் போட்ட இடத்தில் கிடந்தது.

மறுநாளும் கேட்டது. எப்போதும் போல அவர் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"உனக்கும் கேக்குதா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"ஒரு கால்ல மட்டும் ஆணி கீது" என்றார். "எனக்கு ரொம்ப வருஷமா கேக்குது. டிரம் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது."

ஊசி என் விரலில் ஏறியிருந்ததை நான் அப்புறம்தான் பார்த்தேன்.

அந்த மாதம்தான் பெட்டி வந்தது. பெரிய சாயபுவின் பேரன் ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். பழைய கோடவுனைக் காலிசெய்யும்போது கிடைத்ததாம். மூடியில் தமிழில் மோசே மேஸ்திரி என்று எழுதியிருந்தது. "நீங்கதானே அவரு பொண்ணு, வெச்சிக்கிங்கம்மா" என்று கொடுத்துவிட்டுப் போனார். துறைமுக முத்திரை கொஞ்சம் தெரிந்தது. ஒட்டியிருந்த சீட்டைக் கரையான் தின்றிருந்தது.

கட்டியிருந்த தோல்வாரில் இடதுகைக்காரர் போடுகிற முடிச்சு. எங்கள் வீட்டில் இடதுகை நைனாவுக்கு மட்டும்தான். அவிழவில்லை. கத்தியால் அறுத்தேன்.

உள்ளே ஏழு ஜோடி. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தைத்தவர் ஒவ்வொருத்தரும் உள்ளே நாக்குத் தோலில் தன் அடையாளமாக ஒரு தையல் போட்டிருப்பார்களாம். "இது கனி பாய். இது சின்னப்பன் அண்ணன்..." ஏழு ஜோடிக்கும் ஏழு பேர். ஒன்று நைனாவுடையது. மேஸ்திரியானாலும் அவரும் உட்கார்ந்து தைத்திருக்கிறார். கடைசியாக ஒரு பெரிய ஜோடி. அதை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் காலு இதான்."

கையை உள்ளே விட்டார். தோல் ஷாப்புச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஆயுசெல்லாம் ஊறி விரல் மரத்துப் போயிருந்தது அவருக்கு, ஒன்றும் தெரியவில்லை. பிரித்துப் பார்க்கலாம் என்றேன்.

"பிரிச்சி, உள்ள இல்லன்னா?" என்றார்.

ஆணி இந்த ஷூவில் இருந்தால் அது கப்பலுக்குப் போகவில்லை. இல்லையென்றால் வேறு எங்கோ விழுந்தது, அடுத்த நாள் தைத்ததில் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஐம்பது வருஷம் சந்தேகமாக இருந்தது நிச்சயமாகிவிடும். ஒரு வாரம் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் கிரேஸ்தான் மெஷினில் விட்டுப் பார்க்கலாம் என்றாள். எல்லாவற்றையும் விடு, என்னுடையதைக் கடைசியில் விடு என்றார்.

பட்டை சொன்னது

கிரேஸ் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

முதலில் கனி பாய் தைத்த ஜோடி. இடது கால் போனது, வந்தது. வலது கால் உள்ளே நுழைந்ததும் சிவப்பு பல்பு எரிந்தது. பட்டை நின்றது.

இரண்டாவது ஜோடி. சிவப்பு. மூன்றாவது. சிவப்பு.

"மெஷின் கெட்டுப்போச்சாம்மா" என்று கிரேஸ் ஒரு குழந்தை ஷூவை எடுத்து விட்டுப் பார்த்தாள். அது சத்தமில்லாமல் அந்தப் பக்கம் போய் விழுந்தது. நாலு, ஐந்து. இரண்டும் சிவப்பு. ஆளில்லாத அந்த ஹாலில் அந்த வெளிச்சம் என் சேலையிலும் சுவரிலும் விழுந்து விழுந்து அணைந்தது. எனக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

ஆறாவது நைனாவுடையது. அதுவும் சிவப்பு. அதன் உள்தோல் ஒரு பக்கம் தையல் விட்டிருந்தது. கிரேஸ் தூக்கிப் பார்த்தாள். யாரோ எப்போதோ கத்தியால் நேராக அறுத்து, ஆணியைப் பார்த்துவிட்டு, பழையபடி படுக்கவைத்திருந்தார்கள்.

ஏழாவதில் வலது கால் தப்பித்துப் போனது. இடது காலுக்குப் பட்டை நின்றது.

புங்கமரத்தடிக்கு வந்து அவரிடம் சொன்னோம். கிரேஸ் தன் வேலைக் கத்தியால் அந்த இடது ஷூவின் உள்ளே ஒட்டிய மெல்லிய தோலை அவர் கண் முன்னாலேயே உரித்தாள். கட்டைவிரல் அடியில் ஆணி முனை நின்றிருந்தது. அதைச் சுற்றித் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கருப்புக் கறை. ஐந்து விரலும் அழுந்திய குழி தெரிந்தது. மற்ற ஆறு ஜோடியும் காலே படாதவை. இது மட்டும் போட்டு நடந்தது.

கிரேஸ்தான் புரிந்துகொண்டாள். "யாரோ இதைப் போட்டு நடந்திருக்காருப்பா. குத்திருக்கு. கழட்டிக் காட்டியிருக்காரு. அதுக்கப்புறம்தான் எல்லா ஷூவையும் காந்தம் வெச்சிப் பாத்திருப்பாங்க. மாட்டின ஏழு ஜோடியையும் திருப்பி அனுப்பிட்டாங்க."

அவர் அந்த ஷூவை மடியில் வைத்துக் கையை உள்ளே விட்டார். தேடவில்லை. ஐந்து விரலையும் அந்த ஐந்து குழியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கம்பெனி மணி அடித்தது. பெண்களெல்லாம் எங்களைப் பார்த்தபடி உள்ளே போனார்கள்.

"உயிரோட இருந்திருக்கான்" என்றார்.

அந்தக் கப்பல் பிறகு என்ன ஆனதோ, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவருடைய ஆணியால் ஒன்றும் ஆகவில்லை.

கல்லறைத் தோட்டம்

அன்றைக்கு ராத்திரியே எனக்குப் பெட்டியின் இடதுகை முடிச்சு ஞாபகம் வந்துவிட்டது. அவருக்கும் வந்திருக்கும்.

பெட்டி திரும்பி வந்தது நைனாவுக்குத்தான். ஏழு பேர் ஆணியைத் தொலைத்து, ஏழு பேரும் எதையோ போட்டுக் கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அதில் தானும் ஒருத்தர் என்று அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பிறகு கட்டி உள்ளே போட்டுவிட்டார். மேஸ்திரி ஆயிற்றே, வெளியே சொன்னால் தன் பேரும் வரும். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் முதல் பெஞ்சிலிருந்து எழுந்து போய், வாங்கித் திரும்பும்போது கடைசி பெஞ்சைப் பார்த்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். மறுநாள் மாத முதல் ஞாயிறு. "அவங்களுக்குச் சொல்லிட்டுத்தான் மேசைக்குப் போகணும்" என்றார். நைனா போக மற்ற ஐந்து பேரில் ஒருத்தரும் உயிரோடு இல்லை. நான் பின்னாலேயே போனேன்.

முதலில் கபர்ஸ்தான் சுவருக்கு வெளியே நின்று கனி பாயிடம் சொன்னார். பிறகு எங்கள் கல்லறைத் தோட்டம். பதினோரு மணி இருக்கும். காற்றில்லை. காய்ந்த புல்லில் நடந்தும் அவர் காலடி கேட்கவில்லை. சின்னப்பன் கல்லறையில் நின்று, பக்கத்து வீட்டுக்குச் சேதி சொல்கிற குரலில், "அண்ணே, உன்னுது திரும்பி வந்துடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றார். பதிலைக் கேட்கிற மாதிரி கொஞ்சம் நின்றார். பிறகு அடுத்தவரிடம் போனார். அங்கேயும் அதே வார்த்தை, அதே நிற்பு. வெளியூர் போய்ச் செத்த இரண்டு பேருக்கு, வடக்குப் பார்த்து நின்று சொன்னார்.

நைனாவின் கல்லறை வேலியோரம் இருக்கிறது. அங்கே அவர் நிற்கவில்லை. தாண்டிப் போய்க்கொண்டே, "இவருக்குச் சொல்ல வேணாம். இவருக்குத் தெரியும்" என்றார்.

நான்தான் நின்றேன். எனக்கு எதிரே யாரும் இல்லாவிட்டாலும் சத்தமாகப் பேச வராது. அன்றைக்கு வந்தது.

"நைனா, அதை மறைச்சதுக்காகத்தான் என்னை இவருக்குக் குடுத்தியா?"

வேலியில் உட்கார்ந்திருந்த ஓணான் கூட அசையவில்லை. வெயிலில் ரொம்ப நேரம் நின்றேன். நைனா உயிரோடு இருந்தபோதும், இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறப்பார். ஆமாம் என்றால் இப்படித்தான் பேசாமல் இருப்பார்.